மை ஊற்றத் தேவையில்லாத பிரிண்டர்: ஒன்றரை வருஷம் ஓட்டிய பிறகு

பெட்டியைப் பிரித்து கவுண்டரில் வைத்ததும் கூட வேலை பார்க்கும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, இதுக்கு மை எங்க ஊத்தணும்?" மை கிடையாது, டோனர் கிடையாது, ரிப்பனும் கிடையாது என்றேன். நம்பவில்லை. பேப்பர் ரோலைக் கையில் கொடுத்து நகத்தால் அழுத்தி ஒரு கோடு கிழிக்கச் சொன்னேன். வெள்ளைத் தாளில் சாம்பல் நிறமாக ஒரு கோடு விழுந்தது. திருப்பிப் பின்பக்கம் கிழித்தான், ஒன்றும் விழவில்லை. "அட, மை தாள்லயே இருக்கு" என்றான். எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துப் புரிந்ததை அவன் முதல் நாளே சொல்லிவிட்டான். சூட்டால் அச்சடிக்கும் இந்தத் தெர்மல் பிரிண்டரை வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் பிரிண்டரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள், தாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

நான் சொல்வது பில் அடிக்கிற 80 மி.மீ. பிரிண்டர். யூஎஸ்பி, நெட்வொர்க் கேபிள் இரண்டும் உண்டு, தானாக வெட்டும் கட்டரும் உண்டு. எந்த கம்பெனி என்று எழுதவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன், அப்புறம் இந்த வகை பிரிண்டர்களுக்குள் வேலை செய்யும் விதத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. இதற்கு முன் இருந்தது டாட் மேட்ரிக்ஸ். அது பில் அடிக்கும்போது எதிரில் நிற்பவர் சொல்வது காதில் விழாது, "என்ன?" "என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்போம். இது 'ஸ்ஸ்ர்' என்று ஒரு சத்தம், கடைசியில் 'டக்' என்று ஒரு வெட்டு, அவ்வளவுதான். முதல் வாரம் பில் வந்ததே தெரியாமல் இரண்டாவது முறை பிரிண்ட் கொடுத்துவிட்டோம்.

ரோல் போடுவது சுலபம். மூடியைத் திறந்து, ரோலை உள்ளே போட்டு, நுனியைக் கொஞ்சம் வெளியே இழுத்து மூடினால் முடிந்தது. எதையும் எதற்குள்ளும் நுழைத்து வளைத்து இழுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் நான் இல்லாத நேரம் ரோலைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். பிரிண்டர் ஓடுகிறது, தாள் வருகிறது, வெட்டுகிறது, தாளில் ஒரு எழுத்து இல்லை. கம்ப்யூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டு, டிரைவரை அழித்துப் புதிதாக ஏற்றி, கடைசியில் எனக்கு போன் வந்தது. "நகத்தால கிழிச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் ரப்பர் உருளை இருக்கும், அதற்கு நேர் எதிரே வழவழப்பான ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டைதான் அச்சடிக்கும் ஹெட். பலரும் நினைப்பதுபோல அது இங்க்ஜெட் மாதிரி இடமும் வலமுமாக ஓடாது, இருந்த இடத்திலேயே இருக்கும், தாள்தான் நகரும். பீங்கான் பலகை மேல், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ரெசிஸ்டர்கள் ஒரே வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 8, அதைத்தான் பெட்டியில் 203 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 203 புள்ளி, என்று போடுகிறார்கள். 80 மி.மீ. தாளில் ஓரம் போக அச்சாகும் அகலம் 72 மி.மீ., ஆக மொத்தம் 576 புள்ளிகள். கையடக்கமான 58 மி.மீ. பிரிண்டர் என்றால் 48 மி.மீ.க்கு 384. ஒவ்வொன்றும் மின்சாரம் பட்டதும் சட்டென்று சூடேறி, நின்றதும் சட்டென்று ஆறவேண்டும். இந்த ஆறுவதுதான் கஷ்டமான பாதி. ஆறாமல் சூடு தங்கினால் அடுத்த வரியிலும் புள்ளி விழும், எழுத்துக்கு வால் முளைக்கும்.

எங்கள் மாடல் நொடிக்கு 200 மி.மீ. அடிக்கும் என்று போட்டிருந்தது. சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். மில்லிமீட்டருக்கு 8 வரி, நொடிக்கு 200 மில்லிமீட்டர், அப்படியானால் நொடிக்கு 1600 வரி. ஒரு வரிக்குக் கிடைப்பது ஒரு மில்லி நொடிகூட இல்லை, 0.625 மில்லி நொடி. அதற்குள் சூடாகி, தாளைக் கறுக்க வைத்து, ஆறி, அடுத்த வரிக்குத் தயாராக வேண்டும். ஒரு சாண் நீள பில் ஒரு நொடியில் வெளியே வருகிறது, வரிசையில் நிற்பவர் பையிலிருந்து கையை எடுப்பதற்குள். வேகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் தடுமாறும். கன்னங்கரேல் என்று பெரிய லோகோவைப் பில்லின் தலையில் வைத்தால் அந்த இடத்தில் மட்டும் மெதுவாகும், சத்தமும் மாறும். எழுத்து அடிக்கும்போது ஒரு வரியில் 576 புள்ளியில் கொஞ்சம்தான் எரியும். முழுக் கறுப்புப் பட்டை என்றால் எல்லாமே எரியவேண்டும், அதற்கு வேண்டிய மின்சாரத்தை கூட வருகிற 24 வோல்ட் அடாப்டரால் ஒரே மூச்சில் தரமுடியாது. அதனால் வரியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றாகச் சூடாக்குகிறது. ஹெட் ரொம்பச் சூடானால் உள்ளே இருக்கும் சென்சார் பார்த்து நிறுத்தியும் வைக்கும். நாங்கள் கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தாக இருந்த லோகோவை எடுத்துவிட்டு வெறும் கோட்டு ஓவியமாக மாற்றினோம், தடுமாற்றம் போயே போச்சு. அழகுக்காக பில்லில் கறுப்பு அடிக்காதீர்கள், ஹெட்டுக்கும் அது நல்லதில்லை.

சரி, தாளுக்கு வருகிறேன். தாளின் மேல் ஒரு பக்கம் பூச்சு இருக்கிறது. அதில் நிறமே தெரியாத ஒரு சாயப்பொடி, லியூகோ சாயம் என்பார்கள், பக்கத்திலேயே லேசான அமிலத் தன்மையுள்ள இன்னொரு பொருள். இரண்டும் திடமாகத் தனித்தனியாகக் கிடக்கின்றன. சூடு பட்டதும் உருகி ஒன்றோடொன்று கலக்கும், கலந்ததும் சாயத்தின் மூலக்கூறு வடிவம் மாறிக் கறுப்பாகிறது. எந்தச் சூட்டில் கறுக்கவேண்டும் என்பதை பூச்சில் சேர்க்கும் மூன்றாவது ஒரு பொருள் தீர்மானிக்கும். கொதிக்கிற தண்ணீர் டம்ளரை பில்லின் மேல் வைத்தால் வட்டமாகக் கறுப்பது இதனால்தான். செய்து பார்க்காதவர்கள் ஒரு தடவை செய்து பாருங்கள், பில் வேண்டாததாக இருக்கட்டும்.

ஆக, பிரிண்டரின் வேலை சரியான இடத்தில் சூடு காட்டுவது மட்டும்தான். எழுத்து கறுப்பாக வருமா, வெளுப்பாக வருமா, எத்தனை நாள் நிற்கும், எல்லாம் தாளின் கையில். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். மூன்றாவது மாதம் வேறு ஒரு ரோல் வந்தது, பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. பில் எல்லாம் மங்கல். பிரிண்டரில்தான் கோளாறு என்று நினைத்து அடர்த்தியைக் கூட்டினேன். கொஞ்சம் கறுத்தது, கூடவே தாள் ஹெட்டில் ஒட்டி 'பர்ர் பர்ர்' என்று இழுபட ஆரம்பித்தது. பழைய ரோல் ஒன்று மிச்சம் இருந்தது, அதைப் போட்டதும் பளிச் என்று வந்தது. அன்றிலிருந்து புது ரோல் எது வந்தாலும் முதலில் ஒன்றை மட்டும் போட்டு, பிரிண்டரின் சொந்தச் சோதனைத் தாளை அடித்துப் பார்க்கிறேன். தாள் நகர்த்தும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டால் அது தானாக அடிக்கும், கம்ப்யூட்டரே வேண்டாம். பெரும்பாலான பில் பிரிண்டர்களில் இந்த வசதி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் பக்கம் கோளாறா, பிரிண்டர் பக்கம் கோளாறா என்பதை அரை நிமிஷத்தில் பிரித்துவிடலாம்.

ரோலில் இன்னொரு விஷயம். வெளி விட்டம் 80 மி.மீ. என்று போட்டிருப்பதை வைத்து வாங்காதீர்கள். நடுவில் இருக்கும் குழாய் தடியாக இருந்தால் வெளியில் அதே பருமன்தான் தெரியும், உள்ளே தாள் குறைவு. எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். மெல்லிய குழாயில் வழக்கமான தாளை இறுக்கிச் சுற்றினால் அந்த அளவில் ஏறக்குறைய 80 மீட்டர் வரும், 20 செ.மீ. பில் என்றால் 400 பில். ரோல் முடியப்போகும்போது ஓரத்தில் சிவப்புக் கோடு வரும் தாளாகப் பாருங்கள். கோடு போட்ட பில்லைக் கையில் வாங்கியவர், "இது என்னங்க, ஏதாவது தப்பா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வது, பாதி பில்லில் தாள் தீர்ந்துபோய் நிற்பதைவிட மேல்.

தமிழில் பில் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த பிரிண்டர்கள் பேசும் மொழி ஈஎஸ்சி/பிஓஎஸ். எப்சன் கொண்டுவந்தது, இப்போது எல்லாரும் அதையே பின்பற்றுகிறார்கள். அதில் ஆங்கில எழுத்தை அப்படியே அனுப்பலாம், பிரிண்டருக்குள்ளேயே எழுத்துரு இருக்கிறது, ஒரு எழுத்து 12 புள்ளி அகலம், வரிக்கு 48 எழுத்து. எங்கள் பிரிண்டரின் எழுத்துருவில் தமிழ் இல்லை. நேரடியாக அனுப்பினால் கேள்விக்குறியோ புரியாத பிள்ளையார் சுழிகளோதான் வரும். தமிழ் வேண்டுமென்றால் பில்லைப் படமாக மாற்றி, புள்ளி புள்ளியாக அனுப்பவேண்டும். கம்ப்யூட்டரில் டிரைவர் போட்டிருந்தால் அது தானாக நடந்துவிடும், பிரச்சினை இல்லை. போனிலிருந்து ப்ளூடூத்தில் அடிக்கும் சின்னப் பிரிண்டர்களில்தான் தகராறு. ஆப் படமாக அனுப்பத் தெரிந்ததா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். படம் என்பதால் தரவு அதிகம், கொஞ்சம் நின்று நின்று அடிக்கும். எழுத்தின் அளவை ரொம்பக் குறைக்காதீர்கள், 203 டிபிஐயில் 'ணை', 'ஞூ' மாதிரி எழுத்துகள் சுழி அடைபட்டு கறுப்புக் கட்டியாகிவிடும்.

பராமரிப்பு ஒன்றே ஒன்றுதான், ஹெட்டைத் துடைப்பது. தாளிலிருந்து உதிரும் பூச்சுத் தூசி ஹெட்டில் படியும். படிந்தால் பில்லில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கோடு வரும். சுவிட்சை அணைத்து, ஹெட் ஆறும் வரை பொறுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒரே திசையில் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மூடவேண்டும். ஸ்க்ரூடிரைவர், கத்தி, நகம் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. துடைத்தும் வெள்ளைக் கோடு போகவில்லை என்றால் அந்த இடத்துப் புள்ளி எரிந்துவிட்டது, அதைத் தனியாகச் சரிசெய்ய வழியில்லை, ஹெட்டைத்தான் மாற்றவேண்டும். எழுத்தாக இருக்கும்வரை ஒரு வெள்ளைக் கோடு பெரிய விஷயமில்லை, படித்துவிடலாம். பார்கோடு அடிக்கிறவர்களுக்குத்தான் தலைவலி. கோடுகள் தாள் நகரும் திசையிலேயே நின்றால் ஒரு செத்த புள்ளி ஒரு மெல்லிய கோட்டையே தின்றுவிடும், ஸ்கேனர் திரு திருவென விழிக்கும். க்யூஆர் கோடு அப்படி இல்லை, அதில் கொஞ்சம் அழிந்தாலும் மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு உண்டு.

எங்கள் பெட்டியில் ஹெட்டின் ஆயுள் 100 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. பிரிண்டருக்குக் கிலோமீட்டர் கணக்கா என்று சிரிப்பு வந்தது, ஆனால் சரியான அளவுதான், தேய்வது தாள் உரசுவதால்தானே. 20 செ.மீ. பில் என்றால் 5 லட்சம் பில். ஒரு நாளைக்கு 300 பில் அடித்தால் நாலரை வருஷம். மட்டமான தாள் உப்புத்தாள் மாதிரி உரசும், அதில் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது.

குறைக்கு வருகிறேன். கட்டர். ஐந்தாவது மாதம் ஒரு முறை பாதி வெட்டிய நிலையில் பிளேடு நின்றுபோய் மூடி திறக்காமல் மாட்டிக்கொண்டது. முன்பக்கம் ஒரு சின்ன மூடிக்குள் பல்சக்கரம் ஒன்று இருக்கிறது, அதை விரலால் சுற்றினால் பிளேடு பின்வாங்கும். இது அந்தக் குட்டி வழிகாட்டித் தாளில் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது, நாங்கள் அதைப் படிப்பதற்குள் மூடியை நெம்பி ஒரு கொக்கி விரிசல் விட்டது. எங்கள் தப்புதான். ஆனால் பதினான்காவது மாதம் கட்டர் மோட்டாரே போனது, அது எங்கள் தப்பில்லை. 15 லட்சம் வெட்டு தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது, நாங்கள் ஒன்றரை லட்சம்கூடத் தாண்டியிருக்கமாட்டோம். சர்வீஸுக்கு அனுப்பிய கதையை முடிவில் சொல்கிறேன்.

இணைப்புகளில் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை, யூஎஸ்பி போட்டதும் வேலை செய்தது. பின்பக்கம் டெலிபோன் சாக்கெட் மாதிரி ஒன்று இருக்கும், அது டெலிபோனுக்கு இல்லை, அதில் தப்பித் தவறியும் போன் கேபிளைச் செருகாதீர்கள். கல்லாப்பெட்டிக்கான இணைப்பு அது. பில் அடித்ததும் பிரிண்டர் அந்த வழியாக ஒரு மின்துடிப்பு அனுப்பும், பெட்டியின் பூட்டு 'டிங்' என்று திறக்கும். கல்லாவைத் திறப்பது கம்ப்யூட்டர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இதை வாங்கிய பிறகு எங்கே போனாலும் கண் இதையே தேடுகிறது. ஏடிஎம் சீட்டு, வண்டி நிறுத்த டோக்கன், நடத்துனர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின், எடைத் தராசிலிருந்து வெளியே வரும் ஸ்டிக்கர், கூரியர் பார்சலின் முகவரி, விமான நிலையத்தில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் நீளப் பட்டை, எல்லாம் இதே சங்கதி. இவை எல்லாவற்றிலும் ஒன்றைக் கவனியுங்கள், எதுவுமே நெடுநாள் வாழவேண்டிய தாள் இல்லை. பெட்டி ஊர் போய்ச் சேர்ந்ததும் பட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவோம். ஒரு இடம்தான் எனக்கு உறுத்துகிறது, ஈசிஜி. அதுவும் பெரும்பாலும் தெர்மல் தாள்தான், நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் நகரும், ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. பேனா முள்ளோ மையோ இல்லாமல் இதயத்தின் அலையை அவ்வளவு சீராக வரைவதற்கு இதைவிட எளிய வழி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாளை வருஷக்கணக்காக ஃபைலில் வைக்கிறோம். விஷயம் தெரிந்தவர்கள் அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுவார்கள். அப்பாவின் பழைய ஈசிஜி ஒன்றை ஃபைலிலிருந்து எடுத்தபோது கட்டங்கள் இருந்தன, அலை பாதி காணோம்.

நிலைக்கவேண்டிய இடத்துக்கு இதே குடும்பத்தில் இன்னொரு முறை இருக்கிறது, தெர்மல் டிரான்ஸ்பர். ஹெட் அதேதான், நடுவில் மெழுகோ பிசினோ பூசிய ரிப்பன் ஒன்று ஓடும். சூடு பட்ட இடத்தில் ரிப்பனில் உள்ளது உருகிக் கீழே இருக்கும் சாதாரண ஸ்டிக்கரில் ஒட்டிக்கொள்ளும். மெழுகு ரிப்பன் காகிதத்துக்கு, பிசின் ரிப்பன் பிளாஸ்டிக் லேபிளுக்கு. வெயிலில் வைத்தாலும் கறுக்காது, சுரண்டினால்கூடச் சுலபத்தில் போகாது. மெஷின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிள், ஆய்வகக் குப்பி, கிடங்கு அலமாரி என்று பல இடங்களில் இதுதான். லேபிள் பிரிண்டர் வாங்குகிறவர்கள் இரண்டில் எது தங்களுக்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யவேண்டும். ஒரு மாதத்தில் போய்ச்சேரும் பார்சலுக்கு ரிப்பன் தண்டம், மூன்று வருஷம் அலமாரியில் இருக்கும் பெட்டிக்கு ரிப்பன் இல்லாமல் அடிப்பது அதைவிடத் தண்டம்.

இடையில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த நுட்பத்தின் ஆரம்ப காலத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர் ஜாக் கில்பி, 1958இல் முதல் ஐசியை, அதாவது மின்சுற்று முழுவதையும் ஒரே சில்லில், செய்து காட்டி 2000இல் நோபல் வாங்கியவர். டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் அவர் குழு 1967இல் கையடக்கக் கால்குலேட்டர் ஒன்றைச் செய்தபோது விடையைக் காட்ட அதில் திரை இல்லை, ஒரு நாடாத் தாளில் சூட்டால் அச்சடித்தது. 1970இல் கேனன் விற்க ஆரம்பித்த பாக்கெட்ரானிக் அதிலிருந்து வந்ததுதான். ஃபேக்ஸ் மெஷினிலிருந்து சுருண்டு சுருண்டு வந்த அந்த வழவழத் தாளைப் பார்த்த தலைமுறைக்கு மீதிக் கதையைச் சொல்லத் தேவையில்லை.

மங்குவதைப் பற்றி. கலந்து கறுத்த அந்த இரண்டு பொருளும் பிரிந்தால் எழுத்து மறையும். பிரிக்கக்கூடியவை எல்லாம் நம் கையிலும் பையிலும்தான் இருக்கின்றன. வெயில், எண்ணெய், செலோடேப்பின் பசை, பிவிசி பர்ஸில் பிளாஸ்டிக்கை இளக வைக்கச் சேர்க்கும் ரசாயனம், ஹைலைட்டர் பேனா. முக்கியமான தொகை என்று மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டு வைத்தவர்களின் பில்லில் சரியாக அந்தத் தொகைதான் காணாமல் போகும். ஆல்கஹால் வேறு மாதிரி, முதலில் கறுக்க வைக்கும், சானிடைசர் ஈரத்தோடு பில்லைத் தொட்டு விரல் ரேகையே பதிந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல தாளை வெளிச்சம் படாமல் குளுமையான இடத்தில் வைத்தால் சில வருஷம் தாங்கும். மேலே பாதுகாப்புப் பூச்சு போட்ட தாளும் கிடைக்கிறது, அது இன்னும் கொஞ்சம் அதிகம். எப்படி வைத்தாலும் போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பதுதான் புத்தி.

அமிலத் தன்மையுள்ள பொருள் என்று சொன்னேனே, அது ரொம்ப காலம் பிபிஏ எனப்படும் பிஸ்பீனால் ஏதான். தோல் வழியாக உடலுக்குள் போகக்கூடியது, ஹார்மோன் வேலையில் குறுக்கிடக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலிருந்து எடையில் 0.02 சதவீதமோ அதற்கு மேலோ பிபிஏ உள்ள தெர்மல் தாளை விற்கக் கூடாது என்று விதி போட்டது. பல தயாரிப்பாளர்கள் அதன் பங்காளியான பிபிஎஸ்ஸுக்கு மாறினார்கள், அதுவும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது இல்லை. பில் வாங்கிப் போகிறவர் பயப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம், நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பில்லைத் தொடுகிற எங்களைப் போன்றவர்கள்தான் பார்க்கவேண்டும். இரண்டும் இல்லாத தாள் கிடைக்கிறது, ரோல் உறையில் அப்படிப் போட்டிருக்கும், நாங்கள் அதற்கு மாறிவிட்டோம். தெர்மல் பில்லைப் பழைய பேப்பரோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போடக்கூடாது என்பதும் இதனால்தான்.

யார் வாங்கலாம்? வரிசையில் ஆள் நிற்கும் எந்த கவுண்டருக்கும் யோசிக்காமல் வாங்கலாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன், குறைந்த ஒன்று கட்டருக்கு. கணக்கு வைக்க, அரசாங்கத்துக்குக் காட்ட, வாரண்டிக்கு என்று தாளைப் பத்திரப்படுத்த வேண்டியவர்கள் இதை மட்டும் நம்பவேண்டாம், பக்கத்தில் சாதாரண பிரிண்டர் ஒன்றும் இருக்கட்டும்.

வாரண்டி என்றதும் கட்டர் மோட்டார் கதை. இரண்டு வருஷ வாரண்டி இருந்தது, சர்வீஸ்காரர் பில் கேட்டார். பிரிண்டர் வாங்கிய பில்லும் தெர்மல் தாள்தான். அது மங்கிவிடக்கூடாதே என்று, வாங்கிய மறுநாளே, ரொம்பப் புத்திசாலித்தனமாக, லேமினேஷன் செய்ய எடுத்துப் போயிருந்தேன். மெஷினின் ஒரு பக்கம் வெள்ளையாகப் போனது, மறுபக்கம் கரிப்பலகையாக வந்தது. சூடான உருளை இரண்டு, அதற்கு நடுவே தெர்மல் தாள், வேறென்ன நடக்கும். அந்தக் கறுப்புப் பலகையை இன்னும் வைத்திருக்கிறேன், பளபளவென்று நன்றாகத்தான் இருக்கிறது, எண் ஒன்றும் தெரியாது. போட்டோவும் எடுத்திருக்கவில்லை. வெட்கத்தோடு அதையே நீட்டினேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரிண்டரைக் கவிழ்த்தார். அடியில் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் ஒன்று, ஒரு வருஷத்துக்கு மேலான அழுக்கு ஏறிக் கிடந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார், ஒரு எழுத்துகூட நகரவில்லை. "இது ரிப்பன்ல அடிச்சது சார்" என்று சொல்லிக்கொண்டே நம்பரைக் குறித்துக்கொண்டு பிரிண்டரை எடுத்துப் போனார். மூன்றாம் நாள் புது கட்டரோடு வந்துவிட்டது.